படகு ஸ்டீரியோவில் ‘உய்ய்ங்’ சத்தம்: ஐசொலேட்டரா, ஃபில்டரா, ஒயரிங்கா?

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் ‘உய்ய்ங்’ என்று ஒரு விசில். வேகத்தைக் கூட்டினால் விசிலின் சுருதியும் ஏறும். இதற்குக் கடையில் இரண்டு பொருள் கிடைக்கும்: ஸ்டீரியோவிலிருந்து ஆம்பிளிஃபையருக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், பவர் ஒயரில் மாட்டும் நாய்ஸ் ஃபில்டர். (கருவிகளின் நெகட்டிவ் இரண்டு வழியில் இணைந்து உண்டாகும் வளையம்தான் கிரவுண்ட் லூப்.) மூன்றாவது வழி, நெகட்டிவ் ஒயரிங்கைப் பிரித்துச் சரியாகப் போடுவது. என் வாக்கு அதற்குத்தான். ஆனால் மற்ற இரண்டுக்கும் உரிய இடம் உண்டு.

விசில் பிறப்பது இன்ஜின் சுழற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில். அது தரும் டிசி முழுக்க வழுவழுப்பானதல்ல. 12 காந்த முனைகள் (போல்) கொண்ட வழக்கமான ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் வரும். ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் அது 1200 ஹெர்ட்ஸ். காது நன்றாகப் பிடிக்கும் இடம். அதனால் முதலில் ஆல்டர்னேட்டரையே பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு போயிருக்கலாம். சில மலிவு மீட்டர்கள் டிசியையும் ஏசியாகக் காட்டும், ஆகவே இன்ஜினை நிறுத்தியும் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். டயோடு போயிருந்தால் எந்த ஃபில்டரும் வீண்.

அது சரியாக இருந்தால், அடுத்து ஆம்பிளிஃபையரில் செருகிய ஆர்சிஏ ஒயர்களைக் கழற்றுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றி, ஆம்பை மட்டும் மறுபடி இயக்கிக் கேளுங்கள். விசில் நின்றுவிட்டால் சத்தம் ஆர்சிஏ வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர் ஒயர் வழியாக வருகிறது, அல்லது ஆம்பிலேயே கோளாறு. எதை வாங்குவது என்பதை இந்த ஒரு சோதனையே பாதி தீர்மானித்துவிடும்.

ஐசொலேட்டருக்குள் இருப்பவை இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். சிக்னல் கடந்துபோகும், நெகட்டிவ் இணைப்பு அறுந்துவிடும். மாட்ட ஐந்து நிமிடம் போதும், விசிலும் பெரும்பாலும் நிற்கும். குறை என்னவென்றால், மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, பாஸ் எனும் கனத்த கீழ்ஒலி மெலிந்துவிடும். சப்வூஃபர் வைத்திருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போனை படகின் யூஎஸ்பி சார்ஜரில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்டால்தான் விசில் என்றால், இதுவும் வேண்டாம். புளூடூத்துக்கு மாறுங்கள், லூப் தானாக அறும்.

பவர் ஒயரில் மாட்டும் நாய்ஸ் ஃபில்டர் என்பது ஒரு கம்பிச்சுருளும் கப்பாசிட்டரும். ஹெட் யூனிட்டின், அதாவது ஸ்டீரியோ பெட்டியின், சிவப்பு ஒயரில் மாட்டலாம், ஏனென்றால் அது இழுப்பது சில ஆம்பியர்தான். பெரிய ஆம்புக்கு 10 ஆம்பியர் ஃபில்டரை மாட்டினால் கம்பிச்சுருள் சூடேறும். தாங்கக்கூடிய ஃபில்டர் வாங்கினால் விலையும் எடையும் ஏறும். கிரவுண்ட் லூப் விசிலுக்கு இது எதுவும் செய்யாது. மூன்றில் கடைசி இடம் இதற்கு.

இனி ஒயரிங். காரில் பாடியில் எர்த் அடித்துப் பழகியவர்கள் படகில் தடுமாறுவது இங்கேதான். ஃபைபர் படகில் எர்த் அடிக்க உலோகமே இல்லை. இரும்பு, அலுமினியப் படகில் உலோகம் இருந்தாலும் அதில் அடிக்கக் கூடாது, கசியும் மின்சாரம் உடற்பகுதியை அரித்துவிடும். அதனால் நெகட்டிவ் முழுவதும் ஒயரில்தான் திரும்ப வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம். நான்கு மீட்டரில் 15 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் விழும். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பும் விளக்கும் அதே நெகட்டிவில் தொங்கினால் அவற்றின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஸ்பீக்கருக்கு வரும். ஹெட் யூனிட்டுக்கும் ஆம்புக்கும் தனித்தனித் தடித்த ஒயர் இழுத்து, இரண்டையும் நெகட்டிவ் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையான ஒரே நெகட்டிவ் பாரில் முடியுங்கள். டின் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். சாதாரணச் செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும், வெளியே தெரியாது. முடித்ததும் பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் நெகட்டிவுக்கும் இடையே அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒருநாள் வேலைதான், ஆனால் பாஸ் குறையாது, இணைப்பும் சூடேறாது.

இன்ஜின் நின்றிருக்கும்போதும் கரகரப்பு வந்தால் கதையே வேறு. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்இடி விளக்கின் டிரைவர், இன்வெர்ட்டர், அல்லது யூஎஸ்பி சார்ஜர் சிக்கும். எஃப்எம்மில் வரும் இந்த ரகக் கரகரப்புக்குத்தான் ஒயரில் மாட்டும் ஃபெரைட் எனும் காந்தப்பொருள் வளையம் உதவும், 1200 ஹெர்ட்ஸ் விசிலுக்கு அல்ல. இதை ஸ்டீரியோவின் தொல்லையாக மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். எல்இடி விளக்குகள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸையும் படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்குத் தெரிவிக்கும் ஏஐஎஸ் கருவியையும் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் எச்சரிக்கை விட்டது. ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனல் அந்த விஎச்எஃப்பில்தான் இருக்கிறது. அமைதியான ஒரு சேனலில், பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் நிற்கும் இடத்தைச் சற்றே தாண்டி வையுங்கள், அப்புறம் விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மறுபடி வெடித்தால், மாற்ற வேண்டியது அந்த விளக்கை.