மீள்சங்கம இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் கவனிக்க

பழைய இசைக்குழு ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒன்றுசேருகிறது என்று போஸ்டர் வந்தால், படத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கிற பொடி எழுத்தை முதலில் வாசியுங்கள். போலி டிக்கெட்டைவிட மோசம், அசல் டிக்கெட்டுக்கு அரைக் குழுவைக் காட்டுவது.

போஸ்டரில் அந்தக் காலத்து ஐந்து முகங்கள் இருக்கும். மேடையில் ஏறுவதோ பாடகரும் பேஸ் கிட்டார்காரரும் மட்டும். மிச்ச இடங்களில் அன்றைக்கு மட்டும் வாசிக்க வந்த பிள்ளைகள். அவர்கள் நன்றாகவே வாசிப்பார்கள், அவர்களில் பிழையில்லை. காசு வாங்கியதுதான் வேறு பெயர்களைச் சொல்லி. ‘கலைஞர் விபரம் மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற ஒரு வரியைக் காட்டி ஏற்பாட்டாளர் கைகழுவிவிடுவார். ஆகவே யார் யார் வாசிக்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப் பதில் என்றாலும் பரவாயில்லை. அந்த உறுப்பினர்களின் சொந்தப் பக்கங்களிலும் அதே திகதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாதவர் பெரும்பாலும் வரமாட்டார்.

மேடையில் ட்ரம்பெட் இல்லாமல் ட்ரம்பெட் கேட்டால், முன்பே பதிவுசெய்த ட்ராக் ஓடுகிறது என்று அர்த்தம். அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகவேண்டாம், நேர்மையான குழுக்களும் அப்படிச் செய்கின்றன. பாடகர் மைக்கை விலக்கிய பிறகும் அவருடைய குரல் கேட்டால் அது வேறு கதை.

இனி டிக்கெட். கியூஆர் குறியீடு வாசலில் ஒருமுறைதான் வேலை செய்யும். ஒரே ஸ்கிரீன்ஷொட்டைப் பத்துப் பேருக்கு விற்றால் முதலில் போனவர் உள்ளே, ஒன்பது பேர் ரோட்டில். ‘அவசரமாக வெளிநாடு போகிறேன், பாதி விலைக்குத் தருகிறேன்’ என்கிறவரிடம் வாங்கத்தான் வேண்டுமென்றால் வாசலுக்கே வரச்சொல்லி, ஸ்கேன் ஆன பிறகு காசைக் கொடுங்கள். மறுக்கிறவரை விட்டுவிடுங்கள். தனியாள் ஒருவரின் கணக்குக்கு ஒன்லைனில் அனுப்பிய காசு உடனே போய்விடும், பிறகு வங்கியிடம் கேட்டாலும் திரும்பி வருவது கஷ்டம். கார்ட்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். அதையும் ஆறப்போடாமல் செய்யவேண்டும்.

மண்டபத்தைப் பார்த்தாலே சில மோசடிகள் பிடிபடும். கொழும்பு நெலும் பொக்குன அரங்கில் 1,288 நிலையான ஆசனங்கள். அங்கே வரிசையும் இலக்கமும் இல்லாமல் ‘விஐபி’ என்று மட்டும் டிக்கெட் தந்தால் சந்தேகப்படுங்கள். சுகததாச உள்ளரங்கு விளையாட்டுக்குக் கட்டியது. மேல் தட்டில் எதிரொலி சொற்களைக் குழப்பிவிடும், மலிவு என்று அங்கே எடுக்காதீர்கள். திறந்த மைதானம் என்றால் ஒலிக்கலவை மேசை, அதாவது சத்தத்தைச் சரிசெய்கிறவர் இருக்கும் இடம், எங்கே வருகிறது என்று கேளுங்கள். அதற்குப் பின்னால் போடுகிற பிளாஸ்டிக் கதிரைகளுக்கும் முன்வரிசை விலை அறவிடுவார்கள், தெரிவதோ அந்த மேசைக்குப் போட்ட கூடாரத்தின் முதுகு. மேசைக்குச் சற்று முன்னால் நடுப்பகுதிதான் கேட்க நல்ல இடம்.

நேரம் பிந்தினாலும் நட்டம் உங்களுக்குத்தான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதித்த நேரம் முடிந்தால் நிறுத்தியாகவேண்டும். அறிவிப்பாளரும் அனுசரணையாளர் உரைகளும் இரண்டு மணித்தியாலம் தின்றால், வெட்டுப்படுவது கடைசியில் ஏறுகிற பிரதான குழுவின் பாட்டுகள்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுக்குக் களியாட்ட வரி உண்டு, 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அச்சிட்ட டிக்கெட்டில் மாநகர சபை அடையாளத்தைத் தேடுங்கள்.

ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் அழைப்போடு நிறுத்தாதீர்கள்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போகவேண்டும். போலி டிக்கெட் என்றால் நேரே பொலிஸ். போஸ்டர், காசு கட்டிய சீட்டு, வட்ஸ்அப் பதில் எல்லாவற்றையும் நிகழ்ச்சிக்கு முன்பே சேமித்துவிடுங்கள். பிரச்சினை வந்த மறுநாளே ஏற்பாட்டாளரின் பக்கம் காணாமல் போய்விடும்.