கயிறு விறைக்கும் இடத்துக்குப் பந்து: சேலத்தில் ஜோன் டிஃபென்ஸை உடைக்கச் சொல்லித்தரும் நாலு காலைகள்

பிப்ரவரியில் எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி கோவைக்குப் போய்க் காலிறுதியில் தோற்றுத் திரும்பிய ராத்திரி, பஸ்ஸில் யாருமே பேசவில்லை. சங்ககிரி தாண்டிய பிறகுதான் எங்கள் பி.டி. மேம் வாயைத் திறந்தார். "அவங்க ஒண்ணும் உங்கள அடிச்சு ஜெயிக்கலடி. நீங்க அந்த ஜோனுக்கு வெளியவே நின்னு பந்த மாத்தி மாத்திக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

உண்மை. முதல் குவார்ட்டரில் அவர்கள் ஆளுக்கு ஆள் பிடித்து ஆடியபோது நாங்கள் 6 பாயிண்ட் முன்னால் இருந்தோம். இரண்டாவது குவார்ட்டரில் 2-3 ஜோனுக்கு மாறினார்கள்: முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் போட்டது 5 பாயிண்ட். பந்து என் கையிலிருந்து இடது பக்கம் போகும், என்னிடமே திரும்பி வரும், வலது பக்கம் போகும், மறுபடி வரும். ஷாட் அடிக்கக் கிடைக்கிற 24 செகண்ட் தீரப்போகும்போது யாராவது ஒருத்தி தூரத்திலிருந்து வீசுவாள். நான்தான் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். அத்தனை பந்தும் என் கை வழியாகப் போனவை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு மேம் விசாரித்துக் கண்டுபிடித்த பயிற்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடத்துகிறவர் ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்ற ஒரு சார். பெயர்ப் பலகை கிடையாது, தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு சிமெண்ட் கோர்ட். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஒன்பது மணி வரை. அணிக்கு மொத்தம் 6,000 ரூபாய். பன்னிரண்டு பேர் போனோம், தலைக்கு 500.

முதல் நாள் பந்தையே தொட விடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியதாம், ஒரு நீள நைலான் கயிறு. இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, ஐந்து இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். எங்கள் ஜூனியர்கள் ஐந்து பேரை 2-3 ஜோனில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடிக்கச் சொன்னார். பந்து நடுவில் என் கையில் இருந்தபோது கயிறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் தொங்கியது. "வலது பக்கம் குடு கண்ணு" என்றார். கொடுத்தேன். ஐந்து பேரும் பந்துப் பக்கம் நகர்ந்தார்கள். வலது பக்கம் கயிறு தரையில் புரண்டது. இடது பக்கம் முன்னால் நின்றவளுக்கும் பின்னால் நின்றவளுக்கும் நடுவில் மட்டும் கயிறு விறைத்து, முடிச்சு அவள் விரலை இழுத்தது. "எங்க விறைக்குதோ அங்கதான் சந்து. ஜோனுக்கு அஞ்சு பேருதான். ஒரு பக்கம் கூடினா இன்னொரு பக்கம் விட்டே ஆகணும்." பந்தை மூலைக்கு அனுப்பினோம். பின்வரிசையில் ஒருத்தி மூலைக்கு ஓட, அவளுக்கும் நடுவில் நின்ற சென்டருக்கும் இடையில் கயிறு விறைத்தது. ஒரு மணி நேரம் இதேதான். நாலு வருஷமாக ஆடுகிறேன், ஜோனில் ஓட்டை நகர்ந்துகொண்டே இருக்கும் என்று என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது நாள்தான் எங்கள் ஆட்டமே மாறியது. ஃப்ரீ த்ரோ லைன் நடுவில், அதாவது ஹை போஸ்டில், எப்போதும் எங்கள் அணியிலேயே உயரமானவளைத்தான் நிறுத்துவோம். சார் அவளை வெளியே கூப்பிட்டுவிட்டு, பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு குட்டைப் பெண்ணை அங்கே நிறுத்தினார். எங்களில் நன்றாகப் பாஸ் கொடுப்பவள் அவள்தான் என்று ஒரே நாளில் பார்த்துவைத்திருந்தார். அந்த இடம் ஜோனின் தொப்புள் மாதிரி. முன்னால் நிற்கிற இருவருக்கும் முதுகுப் பக்கம், பின்னால் நிற்கிற மூவருக்கும் எட்டாத தூரம். பந்து அங்கே போய்விட்டால் யாராவது ஒருத்தி வந்தே ஆக வேண்டும். வாங்கியவுடனே தரையில் தட்டக் கூடாது. ரிங்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். சென்டர் மேலே ஏறி வந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் பாஸ். வராவிட்டால் அங்கிருந்தே ஷாட். ஓரத்தில் இருப்பவர்கள் உள்ளே சுருங்கினால் எதிர் மூலைக்கு.

எங்கள் உயரமானவளை எங்கே அனுப்பினார் தெரியுமா? ரிங்குக்குப் பக்கவாட்டில், பெயிண்ட் என்கிற, ரிங்குக்கு முன்னால் வரைந்த கட்டத்துக்கு வெளியே, எண்ட் லைனை ஒட்டி. ஷார்ட் கார்னர் என்கிறார்கள். ஜோன் ஆடுகிறவர்கள் எல்லோரும் பந்தைப் பார்த்து நிற்பார்கள், பின்னால் இருப்பவளைப் பார்க்க முடியாது. பந்து வைத்திருக்கிற அணியில் யாரும் பெயிண்டுக்குள் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது; இவள் வெளியே இருப்பதால் அந்த விதியும் அவளைத் துரத்தாது. ஹை போஸ்டில் பந்து விழுந்ததும் ஒரே எட்டு, ரிங் அடி. அந்தக் காலையில் மட்டும் இப்படிப் பதினோரு லே-அப் (ரிங்குக்கு அருகிலிருந்து போடுகிற ஷாட்) போட்டாள். எண்ணிக்கொண்டிருந்தது நான்.

விதி என்றதும் இன்னொன்று. டிவியில் என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) பார்த்துவிட்டு, "நடுவுல ஒருத்தி நின்னுட்டே இருக்காளே, ஃபவுல் இல்லையா" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சார் பொறுமையாகச் சொன்னார். என்பிஏவில் 2001 வரை ஜோனே அனுமதி இல்லை. அனுமதித்த பிறகும், யாரையும் பிடிக்காமல் பெயிண்டில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்று டிஃபென்ஸுக்கு விதி வைத்தார்கள். நாம் ஆடுகிற ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் அது கிடையாது. எதிரணி சென்டர் ஆட்டம் முழுக்க அங்கேயே குடியிருக்கலாம். அவளை அங்கிருந்து கிளப்புவது நம் வேலை.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பேஹைம் என்ற கோச், 2-3 ஜோனையே அடையாளமாக வைத்துப் பல வருஷம் ஆட வைத்தவர். 2003 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் கேன்சஸை 81-78 என்று வென்றார்கள். கடைசி நொடிகளில் மூலையில் நின்ற கேன்சஸ் ஆட்டக்காரர் சமன் செய்ய மூணு பாயிண்ட் ஷாட் வீசியபோது, உள்ளே இருந்த ஹக்கீம் வாரிக் பாய்ந்து வந்து தட்டிவிட்டார். சார் அதைக் கோர்ட்டில் நடித்தே காட்டினார். "மூலை காலியாத்தான் தெரியும். கை நீளமா இருக்கறவன் அங்க வந்துருவான். அதனால பாஸுக்கு முன்னால ஒரு பொய் சொல்லு."

அந்தப் பொய்தான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். இடது பக்கம் கொடுப்பது போலக் கையை நீட்டி, கண்ணையும் அங்கே அனுப்பி, வலது பக்கம் கொடுப்பது. எப்போது கொடுப்பது என்று கேட்டேன். "எதிர்ல நிக்கறவளோட குதிகாலப் பாரு. குதிகால் தூக்குனா அவ கிளம்பிட்டா. இனி திரும்ப முடியாது." அன்றிலிருந்து ஆட்டத்தில் நான் முதலில் பார்ப்பது குதிகாலைத்தான். பந்து ஓடுகிற வேகத்துக்கு மனுஷக் கால் ஓடாது என்பதால், டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) இல்லாமல் பாஸ் மட்டுமே என்று அரை மணி நேரம் ஆட வைத்தார். ஒருத்தி கையில் பந்து இரண்டு செகண்ட் தங்கினால் விசில். டிரிபிள் செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, இருவரையும் தன் பக்கம் இழுத்து, உடனே கொடுத்துவிட வேண்டும்.

ரீபவுண்டை, அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பதை, வேகமாக முடித்துவிட்டார், ஆனால் விஷயம் நல்லது. ஜோனில் யார் யாரைத் தடுப்பது என்று தெளிவு இருக்காது. வலது ஓரத்திலிருந்து அடித்த ஷாட் தவறினால் பெரும்பாலும் இடது பக்கம்தான் விழும். ஒருத்தி எப்போதும் அங்கே ஓட வேண்டும்.

இனி குறைகள். கோர்ட்டில் இரண்டு ரிங்கில் ஒன்று முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு ஒரு நல்ல ரிங் என்றால் ஷூட்டிங்குக்கு நேரம் எங்கே? ஜோனைச் சுற்றி எவ்வளவு பாஸ் கொடுத்தாலும் கடைசியில் மூலையில் நிற்கிறவள் போட்டால்தான் பாயிண்ட். அந்தப் பயிற்சி இங்கே போதவில்லை, கல்லூரிக்கு வந்து தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. குடிதண்ணீர் கிடையாது. இரண்டாவது சனிக்கிழமை மழையில் ஒரு மணி நேரம் போனது, அதை ஈடுகட்டவும் இல்லை. முன்னால் ஒருத்தி, நடுவில் மூவர், பின்னால் ஒருத்தி நிற்கிற 1-3-1 ஜோனுக்கு கடைசி நாள் இருபது நிமிஷம்தான் கொடுத்தார். முன்னால் இரண்டு பேர் நின்றால் நாம் ஒருத்தியை நடுவில் வை, ஒருத்தி நின்றால் நாம் இரண்டு பேரை வை என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் எங்களுக்குப் பழக்கம் வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மெதுவாகப் புரிந்துகொள்கிற பிள்ளைகளிடம் சாருக்குக் கோபம் வருகிறது. எங்கள் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அழுதுவிட்டாள். பயிற்சி முடிந்ததும் அவரே போய் சமாதானப்படுத்தினார், ஆனாலும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

போன வாரம் நாமக்கல்லில் ஒரு கல்லூரியோடு நட்பு ஆட்டம். இரண்டாவது குவார்ட்டரில் அவர்களும் 2-3 ஜோனுக்கு மாறினார்கள். வயிற்றில் ஒரு நிமிஷம் கோவை ஞாபகம் புரண்டது. இடது பக்கம் பொய் காட்டினேன், எதிரில் நின்றவளின் குதிகால் எழுந்தது, பந்து ஹை போஸ்டுக்குப் போனது, குட்டி திரும்பினாள், பின்னால் உயரமானவள் கையில் பந்து. நாலு நிமிஷத்தில் 12 பாயிண்ட். அவர்கள் கோச் டைம் அவுட் கேட்டு ஜோனைக் கைவிட்டு, மறுபடி ஆளுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார். பெஞ்சில் இருந்த மேம் எழுந்து நின்று கைதட்டினார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, ரிங்குக்காக. ஒரு நேரத்தில் ஒரு அணியைத்தான் எடுப்பார், அதனால் பரீட்சை அட்டவணை வருவதற்கு முன்பே உங்கள் பி.டி.யை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பெண்கள் அணி என்றால் 6 நம்பர் பந்து குறைந்தது நாலு கொண்டு போங்கள், அவரிடம் இருப்பது 7 நம்பர்தான். தண்ணீர் கேன் ஒன்றும் கூட எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு அவரிடமே இருக்கிறது.