இடிக்கப்போகும் கிட்டங்கியைப் பதிவு செய்ய எது நல்லது: டேப்பா, போட்டோவா, ஸ்கேனரா?

கொழும்பில் வெள்ளவத்தை நெசவாலை இருந்த இடத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடித் தொகுதி நிற்கிறது. தறிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால், கைகாட்ட ஒரு சுவர்கூட இல்லை. மருதானை திரிப்பொலி சந்தையின் பழைய ரயில்வே கிட்டங்கிகளைத் திருத்தி, தொழில்நுட்பக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாக் கட்டடத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தானாகவே காப்பது 1815க்கு முந்திய கட்டடங்களைத்தான். ஆலையும் கிட்டங்கியும் அதற்குப் பிறகு வந்தவை, அவற்றைத் தனியாக அறிவித்தால்தான் காப்பு. ஆகவே இடிக்கும் நாளுக்கு முன் கிடைக்கிற இரண்டு மூன்று நாளில் எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

டேப்பும் பென்சிலும் என்றால் ஆள் இரண்டு, செலவு மிகக் குறைவு. தூணுக்குத் தூண் தனித்தனியாக அளக்காதீர்கள். ஒரு மூலையில் பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டு, டேப்பை எடுக்காமல் கடைசிவரை வாசித்துக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அளவின் சிறு பிழையும் சேர்ந்து கடைசித் தூணைத் தள்ளி வைத்துவிடும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் அறை கோணலா என்று தெரிந்துவிடும். அப்புறம், அடிக்கணக்கிலும் வாசியுங்கள். 3.05 மீட்டர் என்று ஒன்றும் சொல்லாமல் நிற்கிற தூண் இடைவெளி, அடியில் சரியாகப் பத்து. கட்டியவர் மனதில் வைத்த கணக்கு அப்போதுதான் தெரியும். கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பழைய தும்புக் கிட்டங்கியை அளந்தபோது, ஒரேயொரு இடைவெளி மட்டும் பன்னிரண்டு அடி வந்தது. வண்டி உள்ளே வந்த வாசல் அது, பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

டேப் தோற்பது கூரையில். முப்பதடி உயர இரும்புச் சட்டத்தை ஏணி வைத்து அளப்பது உயிரோடு விளையாடுவது. படத்திலிருந்து கட்டடத்தை அளவெடுக்கும் முறையின் முன்னோடி ஒருவருக்கு அந்த யோசனை வந்ததும் அப்படித்தான். 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்கப்போன ஆல்பிரெக்ட் மைடன்பவர் மேலிருந்து விழப்பார்த்தார், பிறகுதான் படத்தை வைத்து அளக்கலாமே என்று யோசித்தார். இன்று நல்ல போனும், படங்களை ஒன்றோடொன்று கோத்து வடிவமாக்கும் கணினியும் போதும். ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் முக்கால்வாசியையாவது மீண்டும் காட்டவேண்டும், அளவு தெரிந்த ஒரு தடி எங்காவது படத்துக்குள் நிற்கவேண்டும். இருட்டு மூலையும் அடையாளமே இல்லாத வெள்ளைச் சுவரும் இதற்குப் பகை. ட்ரோன் விடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஸ்கேனர் சுவரிலும் கூரையிலும் லேசரைப் பாய்ச்சி, நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளின் இடத்தை அளக்கும், பிழை சில மில்லிமீட்டர்தான். சாய்ந்த சுவர், தொய்ந்த கூரை என்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் வாடகை கையைக் கடிக்கும், கோப்பும் பெரிது. பத்து வருடம் கழித்து அதைத் திறக்கும் மென்பொருள் யாரிடம் இருக்கும்? தாளில் 1:50 அளவில் வரைந்தது அப்போதும் திறக்கும். சில போன்களில் வருகிற லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் சிறு கருவி, ஐந்து மீட்டருக்கு அப்பால் எட்டாது, காவலாளி அறைக்குச் சரி, கிட்டங்கிக்குப் போதாது.

என் தேர்வு டேப்பும் போட்டோவும். காசு இருந்தால் கூரைக்கு மட்டும் ஸ்கேனர். மங்களூர் ஓடு கழன்று கிடந்தால் அடிப்பக்கத்தையும் திருப்பிப் படமெடுங்கள், தொழிற்சாலையின் பெயர் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும், அங்கே வேலை செய்த ஒருவரைக் கூட்டிவந்து நடக்கவிட்டு, குரலைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். அந்தத் தும்புக் கிட்டங்கியின் தரையில் நான்கு துளைகள் இருந்தன. அளந்தேன், படமும் எடுத்தேன், என்னவென்று புரியவில்லை. எழுபது தாண்டிய ஐயா ஒருவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலை ஒரு துளையில் வைத்தார். "தம்பி, இதுலதான் பிரஸ் நின்டது. பேல் கட்டேக்க தரை அதிரும், நாங்க அந்தா அந்தச் சுவரோட ஒட்டி நிப்பம்" என்றார். தும்பை அமுக்கிப் பொதி கட்டும் இயந்திரத்தைத்தான் சொன்னார். அவர் காட்டிய சுவரில், தோள் உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தையும் குறித்து, பக்கத்தில் அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்.