துளை போடாமல் சுவரில் ஒட்டும் ஸ்டீல் தட்டு (ஷெல்ஃப்): வாடகைச் சமையலறைக்குச் சரிவருமா?

சுவரில் ஆணி அடிக்க முடியாத வீட்டுக்கு, பின்னால் ஸ்டிக்கர் வைத்த இந்தத் தட்டு நல்ல வழிதான். ஆனால் வழவழப்பான டைல்ஸில் மட்டும். பெயின்ட் சுவரில் ஒட்டினால் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு விழும். டைல்ஸிலிருந்தே கழன்றால், பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். பாத்திர சோப்பால் தேய்த்து, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, டைல்ஸ் இடுக்கைத் தவிர்த்து ஒட்டுங்கள். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, 24 மணி நேரம் எதுவும் வைக்காமல் விடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும். சின்ன டப்பாக்களைத் தாராளமாக அடுக்கலாம். கண்ணாடி ஜாடிகளை நம்பி வைக்காதீர்கள். வீடு காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, தட்டுக்குப் பின்னால் உறுதியான நூலை விட்டு அறுத்தால் டைல்ஸில் கீறல் விழாது.