பிஸ்கட்டா, ஸ்பைடரா: உடைந்த அக்கூஸ்டிக் கிட்டாரை ரெசனேட்டராக மாற்றுபவருக்கு

மேல்பலகை பிளந்து, கம்பிகளைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்த அக்கூஸ்டிக் கிட்டாரைப் பழுதுபார்க்கும் கூலி, பல நேரம் அந்தக் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். ரெசனேட்டராக மாற்றுவதற்கு அதைவிடத் தோதான உடம்பு கிடையாது. ரெசனேட்டரில் ஒலி எழுப்புவது மேல்பலகை அல்ல, உள்ளே உட்காரும் அலுமினிய கோன், அதாவது கூம்பு. கம்பியின் இழுவை பிரிட்ஜுக்குப் போகாது, வால்பக்கம் உள்ள டெயில்பீஸுக்குப் போகும். ஆகவே பலகையில் விரிசல் இருந்தாலும் மோசமில்லை. உடைந்த பகுதியில் பெரும்பங்கை எப்படியும் வெட்டி எறியப்போகிறோம்.

சரியாக இருக்க வேண்டியவை நெக்கும் (கழுத்து), உடம்பின் இரு முனையிலும் உள்ளே ஒட்டிய முனைக்கட்டைகளும். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் திரும்ப வேண்டும். நைலான் கம்பிக் கிட்டாரைத் தொடவே வேண்டாம், அதன் நெக் எஃகுக் கம்பியைத் தாங்கச் செய்ததல்ல. பழைய மார்ட்டின், கிப்ஸன் போன்றவை கைக்கு வந்தால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இனி எந்த கோன் என்பதுதான் கேள்வி. கோன் அமைப்பில் மூன்று வகை, மூன்றுமே 1920களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவை. ஜான் டோபியேரா நேஷனல் நிறுவனத்துக்காக முதலில் செய்தது 6 அங்குல கோன் மூன்று கொண்ட ட்ரைகோன். பிறகு நேஷனலில் 9.5 அங்குல ஒற்றை கோன் வந்தது. கூம்பின் முனை மேல்நோக்கி நிற்கும், அதன் உச்சியில் பிஸ்கட் எனப்படும் வட்ட மரக்கட்டையும், அதில் கம்பி பதியும் சேடிலும் இருக்கும். டோபியேரா சகோதரர்கள் 1928இல் தொடங்கிய டோப்ரோ நிறுவனத்தின் கிட்டாரில் 10.5 அங்குல கோன் கிண்ணம்போல் கீழ்நோக்கிக் குழிந்திருக்கும். எட்டுக் கால் கொண்ட வார்ப்பு அலுமினிய ஸ்பைடர் அதன் விளிம்பில் நின்று சேடிலைத் தாங்கும்.

ட்ரைகோனை இந்த வேலையில் ஒதுக்கிவிடலாம். மூன்று கோனையும் ஒரே மட்டத்தில் உட்காரவைக்கும் தட்டும், T வடிவப் பிரிட்ஜும் வேண்டும். உடைந்த கிட்டாருக்கு அது தகாத செலவு. கோனுக்குப் பதிலாகச் சமையலறை எஃகுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதும் உண்டு. எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, தடிமனும் அதிகம். கடைக் கோன் கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசு, கிண்ணமோ அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரே அளவுக்கு ஆறு மடங்கு எடை வருகிறது. உடையாது, நசுங்காது, ஆனால் சத்தம் சிறியது, தகரத்தனமானது. ஒவ்வொரு கிண்ணமும் ஒவ்வொரு விதமாகப் பேசும் என்பதால் இன்ன ஒலி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. பொழுதுபோக்குக்கு வேண்டுமானால் செய்யலாம். சமோசா பார்சல் அலுமினியத் தட்டு கம்பியேற்றியதுமே நசுங்கிவிடும்.

மிஞ்சுவது பிஸ்கட்டும் ஸ்பைடரும். ஒலி வேறுபாடு தெரிந்ததே. பிஸ்கட் சட்டென்று வெடித்துச் சட்டென்று அடங்கும், சன் ஹவுஸ், புக்கா ஒயிட் வாசித்த டெல்டா ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை அதில்தான். ஸ்பைடரின் ஒலி இழைந்து நீளும், ஜோஷ் கிரேவ்ஸ், ஜெர்ரி டக்ளஸ் வழி வந்த ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு அதுதான். ஒலியை மட்டும் பார்த்தால் யாருக்கு எது பிடிக்குமோ அது. உடைந்த உடம்பில் வேலை செய்யும்போது ஒலிக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: பிறகு உயரத்தைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பது. இந்த இடத்தில் நான் பிஸ்கட் பக்கம்தான் நிற்கிறேன்.

முதலில் இடக் கணக்கு. 645 மி.மீ. ஸ்கேல் (தலைப்பக்கம் கம்பி பதியும் நட்டிலிருந்து சேடில்வரை உள்ள நீளம்) கொண்ட, நெக் 14ஆம் ஃப்ரெட்டில் உடம்பைத் தொடும், பெரிய உடம்புள்ள ட்ரெட்னாட் கிட்டாரில், நெக் சேரும் இடத்திலிருந்து சேடில் சுமார் 287 மி.மீ. சுருதிச் சரிக்கட்டலுக்கு 2, 3 மி.மீ. கூட்டி 290 என்று வையுங்கள். கோனின் நடுப்புள்ளி அங்கே வரும். 9.5 அங்குல கோன் 241 மி.மீ., அதற்கு 244 மி.மீ. துளை. 10.5 அங்குலம் 267 மி.மீ., அதற்கு 270. இரண்டுமே பழைய ஒலித்துளையின் கீழ்விளிம்பைக் கடிக்கும். பிஸ்கட் துளை 25 மி.மீ. சுமாருக்கு, ஸ்பைடர் துளை 40 சுமாருக்கு. ஆகவே ஒலித்துளையை முதலில் 3 மி.மீ. பிளைவுட் வட்டால் அடைத்து, உள்ளே அதைவிடப் பெரிய ஒட்டுப்பலகை கொடுத்து, பசை காய்ந்த பிறகே கோன் துளையை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் இரண்டு துளையும் சேரும் இடத்தில் இருபுறமும் மிஞ்சும் மெல்லிய கூர்முனை முறிந்து கையோடு வரும். காற்றுக்கு நெக்கின் இருபுறமும் மேல்தோளில் 50 முதல் 60 மி.மீ. வட்டத் துளை ஒவ்வொன்று போட்டு வலை பொருத்தினால் போதும். இடுப்பு ஒடுங்கிய சின்ன உடம்புக் கிட்டாரில் ஸ்பைடரைத் தாங்கும் வளையம் பக்கப்பலகையில் இடிக்கும். அங்கே தேர்வே இல்லை, பிஸ்கட்தான்.

கோன் துளை வெட்டியதும் X வடிவ உள்பட்டையின் நடுவே போய்விடும். அதன்பின் மேல்பலகைக்கு வலு கிடையாது. சுமார் 70 கிலோ இழுவை உடம்பை நெக்குக்கும் வாலுக்கும் நடுவே மடிக்கப் பார்க்கும். பழைய நேஷனல், டோப்ரோ பலவற்றிலும் நெக்கிலிருந்து வால்வரை ஒரு கட்டை ஓடுவது இதற்காகத்தான். 25×40 மி.மீ. கெட்டி மரம் போதும். ஒரே துண்டாக வெட்டினால் துளை வழியே உள்ளே போகாது. இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தன் முனைக்கட்டையில் ஒட்டி, துளைக்கு நேர்கீழே 100 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பசையும் திருகாணியும் போட்டு இணையுங்கள். பிஸ்கட் கோன் மேல்நோக்கி எழும்புவதால் அதற்குக் கீழே இடம் தாராளம். ஸ்பைடர் கோன் கீழே குழிவதால் கட்டையை இன்னும் தாழ்த்த வேண்டியிருக்கும். உடம்பு மெல்லியதானால் அது நெருக்கடி.

கோனின் விளிம்பைத் தாங்கும் மரப் படி எவ்வளவு ஆழத்தில் வர வேண்டும்? கோனின் உயரம், அதன்மேல் பிஸ்கட்டின் உயரம், பிஸ்கட்டுக்கு மேலே தெரியும் சேடில், மூன்றையும் கூட்டி, மேல்பலகைக்கும் கம்பிக்கும் இடையே வேண்டிய உயரத்தைக் கழியுங்கள். கிடைப்பதுதான் படியின் ஆழம். கோனைக் கையில் வாங்கி அளந்த பிறகே மரத்தில் கை வையுங்கள், இணையத்து அளவை நம்பி வெட்டாதீர்கள். 27 மி.மீ. ஆழம் வந்தால்: மேல்பலகை 3 மி.மீ., அதன் கீழே 244 மி.மீ. துளையுள்ள 12 மி.மீ. பிளைவுட் வளையம் இரண்டு, கடைசியில் 225 மி.மீ. துளையுள்ள வளையம் ஒன்று. அந்தக் கடைசி வளையத்தில் கோனின் விளிம்பு 8 மி.மீ. அளவுக்குப் படியும். 280 மி.மீ. வெளிவிட்டமுள்ள வளையம் 244 துளைக்குள் முழுசாக நுழையாது. ஒவ்வொன்றையும் இரண்டு அரைவட்டமாக வெட்டி உள்ளே விட்டு, ஒரு வளையத்தின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேரே வராமல் திருப்பி ஒட்டுங்கள். பின்பலகை ஏற்கனவே பிரிந்திருந்தால் அதை முழுக்கக் கழற்றிவிட்டு அந்த வழியே வேலை பார்ப்பது நூறு மடங்கு சுகம். படியிலிருந்து பின்பலகைக்கு நான்கைந்து முட்டுக்கட்டை கொடுங்கள். பழைய டோப்ரோவில் இந்த வளையம் பின்பலகைவரை துளையிட்ட சுவராக இறங்கும். இப்போது செய்பவர்கள் பலர் சுவரை விட்டுவிட்டு முட்டுக்கட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி அந்த உயர விவகாரம். கம்பி சேடிலைத் தாண்டி டெயில்பீஸுக்கு இறங்கும் கோணம்தான் கோனை அழுத்துகிறது. 70 கிலோ இழுவையில் 10 டிகிரி இறங்கினால் கோன்மேல் சுமார் 12 கிலோ, 15 டிகிரிக்கு 18, 20 டிகிரிக்கு 24. சுமை அதிகமானால் பிஸ்கட்டைச் சுற்றி கோன் பள்ளமாகி ஒருநாள் நசுங்கும். குறைந்தால் ஒலி மெலியும், சேடிலில் கம்பி கிடுகிடுக்கும். 10 டிகிரியை ஒட்டி நிற்பது நல்லது. மாற்றிய கிட்டார்களில் வரும் தொல்லை பெரும்பாலும் இரண்டாவது வகை. சாதாரண அக்கூஸ்டிக்கில் சேடில் இடத்தில் கம்பி மேல்பலகையிலிருந்து 13 மி.மீ. உயரத்தில்தான் ஓடும். டெயில்பீஸின் விளிம்பு சேடிலிலிருந்து 100 மி.மீ. தள்ளி 3 மி.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் 6 டிகிரிகூட வராது. 10 டிகிரிக்கு 18 மி.மீ. இறக்கம் வேண்டும். அதோடு கோனை மேலே மூட கடையில் கிடைக்கும் மூடித்தட்டு நடுவில் உப்பியிருக்கும். 13 மி.மீ. உயரத்தில் கம்பி அதில் உரசும்.

நெக் போல்ட் போட்டு இணைத்ததாக இருந்தால் வழி சுலபம். சேடில் இடத்தில் கம்பியை 7 மி.மீ. உயர்த்த, 90 மி.மீ. உயரமுள்ள ஹீலின் (நெக் உடம்போடு சேரும் தடித்த அடிப்பகுதி) அடிப்பக்கத்தில் 2.2 மி.மீ. சீவி, மேலே வரவரப் பூஜ்யமாக்க வேண்டும். நெக் பின்னே சாயும், உடம்பின்மேல் நீளும் ஃப்ரெட்போர்டு நுனி தூக்கும், அதற்கடியில் மெல்லிய ஆப்பு ஒட்டுங்கள். பசையிட்ட நெக் என்றால் நீராவி பிடித்துக் கழற்றும் வேலை, அது கைப்பழக்கம் உள்ளவருக்கு. முடியாதவர்கள் உப்பிய தட்டை விட்டுவிட்டு ஓட்டைபோட்ட தட்டையான அலுமினியத் தகட்டை மூடியாக்கி, குறைந்த கோணத்தோடு சமாளிக்கலாம்.

எவ்வளவு அளந்து செய்தாலும் பழைய உடம்பு கம்பியேற்றியபின் முதல் சில மாதங்களில் அசைந்துகொடுக்கும். நெக் ஒரு மயிரிழை முன்னே வரும், கம்பி உயரும். பிஸ்கட்டில் அப்போது செய்ய வேண்டியது: சேடிலை அரத்தால் தேய்ப்பது. அது போதாவிட்டால் 12 மி.மீ. பிஸ்கட்டுக்குப் பதில் 9 மி.மீ. பிஸ்கட். மேப்பிள் அல்லது அதுபோன்ற கெட்டி மரத்தில் 60 மி.மீ. வட்டம் வெட்டி, 5 மி.மீ. ஆழத்தில் காடி போட்டு, கோனுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் திருகாணி. அரைமணி வேலை. கம்பி தாழ்ந்துபோனால் தடித்த பிஸ்கட். சுருதி சரியாக வராவிட்டால் பிஸ்கட்டை மூன்று டிகிரி திருப்பி, தடித்த கம்பிப் பக்கத்தை மெல்லிய கம்பிப் பக்கத்தைவிடச் சுமார் 3 மி.மீ. பின்னே தள்ளலாம். ஸ்பைடரின் உயரமோ வார்ப்பிலேயே முடிவானது. மாற்றக்கூடியது அதில் செருகிய இரண்டு சேடில் துண்டு மட்டும். அதைத் தேய்த்துக்கொண்டே போனால் கம்பி ஸ்பைடரின் உலோகத்தைத் தொடும். அதன்பின் படியையே திருத்த வேண்டும், அது உள்ளே ஒட்டி முடித்த மரம்.

ஸ்பைடரில் இன்னொரு தொல்லையும் உண்டு. எட்டுக் காலும் விளிம்பை ஒரே நேரத்தில் தொட வேண்டும். கண்ணாடித் தகட்டில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டி அதில் ஸ்பைடரைத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். பிறகு நடுத் திருகாணி. லேசாகப் பிடித்ததும் நிறுத்த வேண்டும், இறுக்கினால் கோன் மேலே இழுபட்டு ஒலி செத்துப்போகும். மலிவு ஸ்பைடரின் கால்கள் நாளடைவில் தொய்வதும் உண்டு. ஆனால் கம்பியின் சுமை கால்வழியே விளிம்புக்குப் போவதால், கோன் நசுங்கும் பயம் இதில் மிகக் குறைவு. நேர்மையாகச் சொன்னால் இந்த ஒரு விஷயத்தில் பிஸ்கட் தோற்கிறது.

கரகரப்பு வந்தால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. கோனை ஒட்டவே கூடாது, கம்பியின் அழுத்தமே அதைப் பிடித்திருக்கும். படியின்மேல் மெல்லிய தாளை வைத்து விளிம்புக்கடியில் இழுத்துப் பாருங்கள். எங்கே தடையின்றி வருகிறதோ அங்கே பள்ளம். கோன்மேல் பழி போடும் கரகரப்பு பலமுறை மூடித்தட்டின் தளர்ந்த திருகாணியிலிருந்து வரும், அதை முதலில் பாருங்கள். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் கோன் இடம்பெயரும், சுருதித் திருத்தம் முழுக்க மறுபடி.

விற்பனை மதிப்பைப் பற்றிப் பேச அதிகமில்லை: எதைச் செய்தாலும் போட்ட காசு திரும்பாது. இரண்டிலும் கடையில் வாங்க வேண்டிய பாகங்கள் கோன், மூடித்தட்டு, டெயில்பீஸ். ஸ்பைடருக்கு ஸ்பைடரும் சேர்ந்து செலவு கூடும்.

ஸ்பைடரை எடுக்கச் சொல்வது ஒரே சூழலில்தான். நெக் வளைந்து ஃப்ரெட் தேய்ந்துபோய், விரல் அழுத்தி வாசிக்க முடியாத கிட்டார். நட்டின்மேல் உயர்த்தும் நட்டு ஒன்றை மாட்டி, மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசித்தால் வளைவு ஒரு பொருட்டல்ல. கம்பி ஏற்கனவே உயரத்தில் இருப்பதால் மேலே சொன்ன உயரத் தொல்லையில் பாதி அங்கே கிடையாது. ஆனால் ப்ளூகிராஸில் வழங்கும் GBDGBD சுருதியை (தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஆறு கம்பிகளின் சுரம்) தடித்த கம்பித் தொகுதியோடு சாதாரண வட்ட முதுகு நெக்கில் ஏற்றாதீர்கள். அந்த இழுவை மடியில் வாசிக்கவென்றே செய்த தடித்த சதுர நெக்குக்கானது. DGDGBD போதும், அல்லது மெல்லிய கம்பி.