ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தலைமயிர் வெட்டுதல்: சலூனா, வீடா, மொட்டையா?

வன்னியில் ஓட்டிசம் (ஆட்டிசம் என்றும் எழுதப்படும் மூளை வளர்ச்சி வேறுபாடு) உள்ள பிள்ளையின் தலைமயிரை வெட்டுவதற்குக் குடும்பங்கள் கைக்கொள்ளும் வழிகள் சிலவே. பட்டணத்துச் சலூனுக்குக் கூட்டிப் போவது, சலூன்காரரை வீட்டுக்கு அழைப்பது, தாயோ தகப்பனோ தாங்களே வெட்டிவிடுவது, பிள்ளை உறங்கும்போது வெட்டுவது, இவை எதுவும் சரிவராத நிலையில் மொட்டை அடித்துவிடுவது என்று அவற்றைச் சொல்லிவிடலாம். இவற்றுள் எது மேல் என்று கேட்டால், வெட்டு வடிவாக வந்ததா, எவ்வளவு காசு போனது, எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்பவற்றை வைத்தே பெரும்பாலானோர் விடை சொல்வார்கள். இந்த அலசலில் நான் முதலில் வைக்கும் அளவுகோல் வேறு: இன்றைய வெட்டு, அடுத்த வெட்டை இலகுவாக்குகிறதா, கடினமாக்குகிறதா? தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. பாடசாலை செல்லும் ஆண்பிள்ளைக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை வந்தே தீரும் என்பதால், ஒருநாளைய வெற்றியைப் பெரிதாக எண்ணி அடுத்த பத்து முறையையும் கெடுத்துக்கொள்வதில் இலாபமில்லை.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, தொடுகை, வெளிச்சம், மணம் போன்ற தூண்டல்களுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ துலங்குவதை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. தாமே ஓட்டிசம் உள்ளவரும் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின், சிறுவயதில் தம் தலைக்கு ஷாம்பு தேய்த்த விரல்கள் தலைத்தோலில் உண்மையாகவே வலித்ததாக எழுதியிருக்கிறார். எதிர்பாராத இலேசான தொடுகை அவருக்குத் தாங்க முடியாததாகவும், உடல் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் அமைதி தருவதாகவும் இருந்தன. முடிவெட்டும்போது தலையிலும் பிடரியிலும் காதோரத்திலும் நடப்பவை பெரும்பாலும் முதல் வகைத் தொடுகைகளே.

இங்கே உறவினர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லாண்ட்மாஸ்டர் பெட்டியில ஏறி இருந்து வயலுக்கு வாறவன், இந்தச் சின்ன மெஷினுக்கு ஏன் கத்துறான்? எல்லாம் நடிப்பு." கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றினாலும் இரண்டு சத்தங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக, முன்பக்கத்திலிருந்து வருவது. பிள்ளை அதை விட்டு இறங்கி ஓடவும் முடியும். முடிவெட்டும் மெஷினோ கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலிருந்து வந்து மண்டையோட்டைத் தொடுகிறது. அது காற்றின் வழியாகக் காதுக்குள் போவதோடு நிற்காமல், எலும்பின் வழியாகவும் உட்காதுக்கு நேரே போய்ச் சேர்கிறது. காது மூடியைப் போட்டுவிட்டும் பிள்ளை அலறுகிறதே என்று குழம்பும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். காது மூடி அறையின் இரைச்சலைக் குறைக்குமே தவிர, எலும்பில் ஏறும் அதிர்வைத் தடுக்காது.

ஆகவே சலூனா வீடா என்று பார்க்கும் முன்னர் மெஷினா கத்தரிக்கோலா என்பதைத் தீர்ப்பது நல்லது. சுவர்ச் செருகியில் நேரே பொருத்தும் காந்தச் சுருள் மெஷின், நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 100 தடவை அடிக்கிறது. ஆளியைப் போட்டதும் 'டக்' என்று ஒரு வெட்டுச் சத்தமும் எழும். மின்கலத்தில் இயங்கும் சிறிய ட்ரிமர் அதைவிட அமைதியானது. மின்சாரம் நின்றாலும் கைவிடாது. ஆனால் மின்கலம் தளர்ந்தாலோ அலகு மழுங்கினாலோ அது மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கும்; ஒருமுறை இழுபட்ட பிள்ளை அடுத்தமுறை அந்தப் பெட்டியைக் கண்டதுமே எழுந்து ஓடிவிடும். எந்த மெஷினானாலும் சில நிமிடங்களில் அலகு சூடாகிவிடுகிறது. இடையிடையே அதை வெட்டுபவர் தமது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பதும், தொடங்கும் முன் ஒரு துளி எண்ணெய் விடுவதும் பலருக்குத் தெரிந்திருந்தும் செய்யாத காரியங்கள். கத்தரிக்கோலுக்கு அதிர்வும் இல்லை, சூடும் இல்லை. காதருகே எழும் 'சிக் சிக்' ஒலி சிலருக்குப் பிடிக்காது என்பதும், திடீரென்று தலையைத் திருப்பினால் குத்தும் என்பதும், நேரம் கூட எடுக்கும் என்பதும் அதன் குறைகள். காதுக்குப் பின்புறத்தில் எலும்பு தோலுக்கு மிக அருகே இருப்பதால், அங்கேயும் பிடரியிலும் கத்தரிக்கோலையும், பிள்ளை பொறுத்துக்கொண்டால் மட்டும் உச்சியில் மெஷினையும் பயன்படுத்துவது என் கணிப்பில் நல்ல கலவை. இங்கே பல சலூன்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

இனிச் சலூனைப் பார்ப்போம். சிறுபிள்ளை என்றால் கதிரையின் இரு கைகளுக்கும் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் இருத்துவார்கள். வெட்டுபவரின் முதுகுக்கு அது வசதி. பிள்ளைக்கோ சாய முதுகும் இல்லை, ஊன்றக் காலடியும் இல்லை. உடற்சமநிலையை உணர்வதில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளையை அந்தரத்தில் இருத்தி, பின்னந்தலையில் கைவைத்து முன்னால் அழுத்தினால் விழப்போகிறோம் என்ற பயமே முதலில் வரும். அடுத்து கழுத்தை இறுக்கும் நைலோன் துணி. அதன்பின் முன்னறிவிப்பில்லாமல் பிடரியில் விசிறப்படும் குளிர்ந்த நீர். பிறகு பவுடர் தூரிகை. சத்தமாகப் பாடும் தொலைக்காட்சி, வெட்டிய மயிரை முகத்துக்கே கொண்டுவரும் மின்விசிறி, முன்னும் பின்னும் மாட்டிய கண்ணாடிகளில் தெரியும் பத்துத் தலைகள், கிருதாவுக்கு வரும் சவரக்கத்தி என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் தலைமயிரைக் குறைப்பதற்கு உண்மையில் தேவையானவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவற்றைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்பது தெரியும்.

சலூனைச் சீர்செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் சைவ வீடுகளில் பலர் செவ்வாயும் வெள்ளியும் முடிவெட்டுவதில்லை. அந்நாட்களில் திறந்திருக்கும் கடை கிடைத்தால் கூட்டம் குறைவாக இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் தவணை தொடங்கும் முன்னிரு நாட்களிலும் போவது வீண் வேலை. முதல்முறை வெட்டாமல் கதிரையில் இருந்துவிட்டு வருவதற்கும், அடுத்தமுறை துணியைப் போட்டுப் பார்ப்பதற்கும் சம்மதிக்கும் சலூன்காரர் வேண்டும். அதே கடையின் வாசல், அதே கதிரை, அதே கத்தரிக்கோல் ஆகியவற்றைத் தொலைபேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, போவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பிள்ளைக்குக் காட்டலாம். 1991இல் கரோல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை வகுத்த 'சமூகக் கதை' முறையின் எளிய வடிவம் இது. சலூனின் பெரிய குறை வேறொன்று. வெட்டி முடிந்த பின்னர் கழுத்துக்குள் விழுந்த துண்டு மயிர்கள் குத்திக்கொண்டிருக்க, அக்கராயன், வட்டக்கச்சி போன்ற ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் புழுதியும் வெயிலுமாகத் திரும்பி வந்து, கிணற்றடியில் தோய்ந்த பிறகுதான் பிள்ளை வீட்டுக்குள் கால்வைக்கலாம். வெட்டைவிட இந்தப் பயணமே சில பிள்ளைகளின் நினைவில் ஆழமாகப் பதிகிறது.

சலூன்காரரை வீட்டுக்கு அழைப்பது இந்தக் குறையை முழுமையாக நீக்குகிறது. கிணறு பக்கத்தில் இருக்கிறது, கதிரை பழக்கமானது, கால் தரையில் ஊன்றும், நைலோன் துணிக்குப் பதிலாகத் தகப்பனின் பழைய பருத்திச் சேட்டைப் பின்முன்னாக மாட்டிவிடலாம். வெட்டும் முன்பே கழுத்தில் உலர்ந்த பவுடரைப் பூசினால் மயிர் ஒட்டாமல் வழுக்கி விழும். செலவு கடைவெட்டைவிடக் கூடும் என்பதும், எல்லாரும் வரச் சம்மதிக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வீடு பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும் இடம். அங்கே வலுக்கட்டாயம் நடந்தால் ஒதுங்க வேறிடம் இல்லாமற் போகும். படுக்கும் அறையிலும் சாப்பிடும் இடத்திலும் வெட்டாமல், விறாந்தையின் ஒரு மூலையையோ கிணற்றடியையோ அதற்கென்றே ஒதுக்குவது இதனால்தான்.

பெற்றோரே வெட்டும் வழிக்கு ஒரு பெரும் அனுகூலம் இருக்கிறது: ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் அக்காவின் மகனுக்கு இப்போது இப்படித்தான் நடக்கிறது. அவன் தரையில் குந்தியிருந்து தண்ணீர் வாளிக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருப்பான். அக்கா பின்னாலிருந்து முதலில் தன் உள்ளங்கையை அவன் உச்சியில் அழுத்தமாக வைப்பாள். பிறகு "பத்து வெட்டு" என்று சொல்லி, ஒன்றிலிருந்து பத்துவரை உரக்க எண்ணிக்கொண்டே வெட்டுவாள். பத்தாவதில் கத்தரிக்கோல் அவன் கண்முன்னே நிலத்தில் வைக்கப்படும். இன்னும் பத்து வேண்டுமா என்று கேட்பாள். அவன் வாளியைத் தள்ளிவிட்டால் அன்றைய வேலை அத்துடன் சரி. இடப்பக்கம் குட்டையாகவும் வலப்பக்கம் நீளமாகவும் இரண்டு நாள் திரிந்தால் என்ன? பாடசாலையில் கேட்பார்களே என்ற பயம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது போதும். எண்ணி முடிந்ததும் நிறுத்துவேன் என்று சொன்னவர் நிறுத்தத்தான் வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பதினோராவது வெட்டு விழுந்தால் அந்த எண்ணிக்கைக்கு அதன்பின் மதிப்பில்லை.

இந்த இடத்தில் கட்டிப்பிடித்து வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் அமைதி தரும் என்றேனே, அப்படியானால் தகப்பன் மடியில் இறுக்கிப் பிடித்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பிள்ளை தானாகச் சாய்ந்து கேட்கும் இறுக்கமும், மூன்றுபேர் கைகால்களைப் பிடிக்கும் இறுக்கமும் ஒன்றல்ல. இரண்டாவது வழியில் அன்றைய வெட்டு பத்து நிமிடத்தில் முடியும். அடுத்தமுறை நான்கு பேர் தேவைப்படுவார்கள். பிள்ளை பதினைந்து வயது இளைஞனாகும்போது யாராலும் முடியாது.

உறங்கும்போது வெட்டுவதைப் பலர் இரகசியமாகச் செய்கிறார்கள். சத்தமில்லை, அழுகையில்லை என்பதால் ஒப்பீட்டில் இது முதலிடம் பெறும் என்று தோன்றும். நான் இதைக் கடைசிக்கு மேலே, அதாவது பலவந்தத்துக்கு ஒரு படி மேலே மட்டுமே வைப்பேன். நடுவில் விழித்தால் கூரிய கத்தரிக்கோல் கண்ணருகே இருக்கும். விழிக்காவிட்டாலும் காலையில் தலையணையெல்லாம் மயிராகக் கிடக்க, தன் தலை மாறியிருப்பதைக் காணும் பிள்ளை உறக்கத்தையே சந்தேகிக்கத் தொடங்கலாம். ஏற்கெனவே உறக்கக் குறைவு ஓட்டிசத்தோடு அடிக்கடி சேர்ந்து வரும் சிக்கல். தவிரவும் இவ்வழியில் பிள்ளை எதற்கும் பழகுவதில்லை. உறக்கம் வரவழைக்கச் சளிக்குக் கொடுக்கும் பாணி மருந்தைக் கூடுதலாகப் பருக்குவது இதனுடன் சேர்ந்து வரும் ஆபத்தான பழக்கம். குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் சில பிள்ளைகளை உறங்கவைக்காமல் மாறாகக் கிளர்ந்தெழச் செய்யும். அளவு மிஞ்சினால் உயிருக்கே கேடு. மருந்து தேவைப்படும் அளவுக்கு நிலைமை இருந்தால் அதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும்.

மொட்டையை நான் அவ்வளவு இலகுவாகத் தள்ளமாட்டேன். ஒருமுறை அடித்தால் மூன்று மாதமாவது நிம்மதி; பேனும் இல்லை, சீப்பும் இல்லை. நேர்த்திக்காகக் கோயிலில் அடிப்பதென்றால் கதை வேறு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று அந்தச் சனக்கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, நனைந்த தலையில் சவரக்கத்தி ஏறுவதென்பது புலன்கூர்மை மிகுந்த பிள்ளைக்கு எல்லாத் தொல்லைகளையும் ஒரே மணித்தியாலத்தில் கொண்டுவருவதாகும். நேர்த்தியை நிறைவேற்றத்தான் வேண்டுமென்றால் சன நெரிசல் இல்லாத வேறொரு நாளில் போகலாம். கத்திக்கு அதிர்வில்லை என்பது அதற்குச் சாதகம். அசைந்தால் காயம் என்பதும், புதிய அலகு போட்டார்களா என்று பார்த்தாக வேண்டும் என்பதும் பாதகம். மெஷினைப் பொறுக்கும் பிள்ளைக்கு 1ஆம் இலக்கச் சீப்பை மாட்டி 3 மில்லிமீற்றருக்கு ஒட்ட வெட்டுவது கிட்டத்தட்ட அதே பலனைத் தரும். ஆனால் தன் மயிரை விரலில் சுருட்டிக்கொண்டே அமைதியடையும் பிள்ளைக்கு மொட்டை ஓர் இழப்பு என்பதை மறக்கக்கூடாது.

பெண்பிள்ளைகளின் நிலை சற்று வேறு. வெட்டு அரிது, அன்றாடம் இரட்டைப் பின்னல் போடுவதே அவர்களுக்குப் போராட்டம். நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பதும், சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே மயிரை மறுகையால் இறுகப் பிடித்துக்கொண்டு வேர் இழுபடாமல் பார்ப்பதும் வலியைப் பெரிதும் குறைக்கும். தோள்வரை கத்தரித்துவிடுவது அதைவிட எளிது, அப்பம்மாமார்தான் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

வளர்ந்த ஆண்களுக்கு மட்டும் நான் சலூனையே முதலில் சொல்வேன். தாய் காலமெல்லாம் வெட்டிவிட முடியாது, தாடியும் வந்துவிடும். ஆகவே வீட்டில் சிறுகச் சிறுகத் தொடங்கி, வீட்டுக்கு வந்து பழகிய அதே சலூன்காரரின் கடைக்கு, ஆளில்லாத நேரத்தில், படிப்படியாக மாறுவதே சிறுபிள்ளைகளுக்கும் என் தெரிவு. அதற்கு அவரோடு கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அரைத்தலை வெட்டி நிறுத்தினாலும், வெட்டாமல் கதிரையில் இருந்துவிட்டு எழுந்தாலும் முழுக்கூலி உண்டு என்று சொல்லிவிட்டால், அவர் அவசரப்படக் காரணமிராது. இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டே அவர் மெஷினைத்தான் கையில் எடுப்பார்.