வராத சம்பளத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு: மலேசியா போக இருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் 22,000 ரூபாய் கொடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் விமான நிலையம் வரை போய், வெளியே கால் வைக்காமலே திரும்பி வந்தேன். அந்த ஆள் இன்னும் அதே கடையில் உட்கார்ந்து, பொய்யான வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டும் விற்கிற அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். ஆன்லைனில் சம்பாதிக்கிற டெல்டா பிள்ளைகள்தான் அவருக்குக் கிராக்கி. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது ராத்திரியில் கேட்கும் தவளைச் சத்தம், ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தம், மேட்டூர் திறந்து குடமுருட்டியில் புதுத் தண்ணீர் வரும் சத்தம், இவற்றையெல்லாம் பதிவு செய்து எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடும் வீடியோவாக யூடியூபில் போடுகிறேன். தூக்கம் வராதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார்கள். பாதிப் பேர் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்கள். விளம்பர வருமானம் மாதாமாதம் 21ஆம் தேதிக்கு மேல் கூகுளிலிருந்து வங்கிக்கு வந்துவிடும். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான். வருமான வரியும் ஒழுங்காகக் கட்டுகிறேன்.

சின்னம்மா கிள்ளானில் இருக்கிறார். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து 19 வருடம் ஆகிவிட்டது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியா போய் வரலாம் என்று ஆனதும் அம்மா கிளம்பிவிட்டார். டிக்கெட் போடத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

“தம்பி, விசா இல்லைன்னா கேள்வியே இல்லைன்னு நினைக்காதீங்க. எல்லாக் கேள்வியும் அங்க கவுன்ட்டர்லதான் வரும். தவளைச் சத்தம் போட்டுச் சம்பாதிக்கிறேன்னு சொன்னீங்கன்னா அடுத்த பிளைட்ல ஏத்தி விட்ருவான்” என்றார்.

முதல் பாதி உண்மை. நான் ஏமாந்தது அதில்தான். சுற்றுலா என்று இறங்கி ஹோட்டல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போய்விடுகிற ஆட்கள் நம் பக்கத்திலிருந்து இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் திரும்பிப் போகிற ஆள்தானா என்று இமிக்ரேஷனில் துருவிக் கேட்பார்கள். மாதச் சம்பளம் இல்லாத ஒருவனுக்கு அந்தப் பயம் இருக்கும். அந்தப் பயத்துக்கு அவர் ஒரு விலை வைத்திருந்தார்.

டிக்கெட் பணம் தனி. 22,000 எதற்கு என்றால், சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் நான் வேலை பார்ப்பதாக ஒரு கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஒரு ஹோட்டல் புக்கிங், அப்புறம் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய அரசின் இணையதளத்தில் நாமே நிரப்பிவிடலாம். சின்னம்மா முகவரியை எங்கும் சொல்லக் கூடாது, சொந்தக்காரர் வீடு என்றால் சந்தேகப்படுவார்கள் என்றும் சொல்லிவைத்தார். “அண்ணே, இது பொய்க் கடிதம் இல்லையா?” என்று கேட்டேன். “எல்லாரும் கொண்டுபோறதுதான்” என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். அது என் தப்பு.

கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். என்ன வேலை? சொன்னேன். சம்பளம்? 65,000 என்றேன். அது வங்கியில் வந்து விழுவதைப் போனில் காட்டுங்கள் என்றார். திறந்தால் கூகுள், கூகுள், கூகுள். ஒரு மாதம் 41,000, இன்னொரு மாதம் 1,12,000. கம்பெனி பெயரே இல்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள், அணைத்து வைத்திருந்தது. ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள், நாங்கள் கிளம்பிய அன்றே புக்கிங்கை ரத்து செய்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். பொய்க் காகிதம் மேஜை மேல் கிடக்கும்போது உண்மையும் இன்னொரு கதையாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நுழைய அனுமதி இல்லை. ராத்திரி முழுவதும் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தோம். தங்கைக்கு வாங்கிய திருபுவனம் பட்டுப்புடவையை அம்மா மடியிலேயே வைத்திருந்தார். சின்னம்மா வெளியே ஐந்து மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். மறுநாள் திருச்சியில் இறங்கி வலங்கைமான் வரும் வரை அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டிராவல்ஸ்காரர் சொன்னது: “நீங்க பதறிட்டீங்க தம்பி.” பில் கிடையாது. ஜிபேயில் பணம் போனது அவர் மச்சான் எண்ணுக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்த பிறகு ஹோட்டலுக்கும் அட்டைக்கும் வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை பணம் கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ஆனால் வக்கீல் ஒன்று சொன்னார், அது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பொய் ஆவணத்தை உண்மை போலக் காட்டுவதும் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 340ஆவது பிரிவு. அச்சடித்தவர் மட்டும் இல்லை, கவுன்ட்டரில் நீட்டிய நானும் மாட்டுவேன். அந்த ஆளுக்கு இது தெரியும். கடிதத்துக்கு வாங்கிய பணத்தை யாரும் வழக்குப் போட்டுக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் அவருக்கு.

எட்டு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை எங்கள் ஆடிட்டரிடம் மட்டும்தான் உட்கார்ந்தேன். மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு மாதமும் கூகுள் கொடுத்த தொகையின் பிரின்ட். வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் கூகுள் பிரின்ட்டிலும் தேதியும் தொகையும் பொருந்துகிறதா என்று அவர் ஒவ்வொரு வரியாகக் குறித்துக் கொடுத்தார். அதுதான் மிகவும் உதவியது. சின்னம்மாவின் அழைப்புக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், ரிட்டர்ன் டிக்கெட்.

பழைய மறுப்பு பதிவில் இருந்ததால் தனியே உட்கார வைத்தார்கள். போன முறை பொய்க் கடிதம் கொண்டுவந்தேன் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். பிறகு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன்: எங்கள் ஊர் மழைச் சத்தத்தைப் பதிவு செய்கிறேன். யூடியூபில் போடுகிறேன். விளம்பரத்துக்கு கூகுள் பணம் தருகிறது. இந்தியாவில் வாங்கி இந்தியாவில் வரி கட்டுகிறேன். மலேசியாவில் எனக்கு யாரும் பணம் தருவதில்லை.

அங்கிருந்த அதிகாரி ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார். சம்பா வயல் தவளைகளைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இங்கேயும் பதிவு செய்து விற்பீர்களா?” என்றார். இந்தக் கேள்வி முக்கியம். சுற்றிப் பார்க்க வந்தவர் அங்கே தொழில் செய்வதாகத் தெரிந்தால் கதை மாறிவிடும். ரெக்கார்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பையைத் திறந்து காட்டினேன். 40 நிமிடத்தில் முத்திரை விழுந்தது. பட்டு சின்னம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை, முடிவு அந்த அதிகாரி கையில். நீடாமங்கலத்துப் பையன் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். கேம் விளையாடுவதை நேரலையில் காட்டிச் சம்பாதிக்கிறான். அதே கடை, அதே கடிதம், இப்போது 25,000 கேட்கிறாராம். முன்பணம் கொடுத்துவிட்டான், மீதி கொடுக்கவில்லை. அவனிடம் ஒரு வருட ரிட்டர்ன்தான் இருக்கிறது. சனிக்கிழமை அவனை ஆடிட்டரிடம் கூட்டிப் போகிறேன்.